ஒவ்வொரு மிடறுக்கும் அரைமணி நேரம்

1950-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன்னால் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிளைவ் மெக்கே சாட்சியம் சொன்னார். மனிதப் பல்லை கோலா பானத்தில் போட்டுவைத்தால் இரண்டு நாளில் இளகிக் கரையத் தொடங்கும் என்றார். அதே பேச்சு, ராத்திரி கோலாவில் போட்ட பல் விடிவதற்குள் காணாமல் போய்விடும் என்று ஊதிப் பெருத்து இன்றுவரை சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரே ராத்திரியில் எந்தப் பல்லும் காணாமல் போகாது. ஆனால் அமிலம் பல்லைக் கரைக்கும் என்பதில் சந்தேகமே வேண்டாம். நம் பல் டம்ளரில் கிடக்கவில்லை, எச்சில் ஊறும் வாயில் இருக்கிறது, அதனால்தான் தப்பிக்கிறது. அந்த எச்சிலுக்கு வேலை செய்ய நேரம் கொடுக்கிறோமா என்பதுதான் கேள்வி.

பல்லின் மேலுறையான எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் சுமார் 96 விழுக்காடு தாதுதான். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த நெருக்கமான படிகங்கள். எலும்பு முறிந்தால் கூடுகிறது, தோல் கிழிந்தால் ஆறுகிறது. அவற்றில் உயிரணுக்கள் இருக்கின்றன. எனாமலில் ஒன்றுகூடக் கிடையாது. அதைக் கட்டிய உயிரணுக்கள் பல் முளைத்து வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல்லின் எனாமலை வைத்துக்கொண்டுதான் எண்பது வயதிலும் முறுக்கு கடிக்க வேண்டும்.

அமிலத்தன்மையை அளக்கும் பி.ஹெச். எண் 7 என்றால் நடுநிலை. எண் இறங்க இறங்க அமிலம் ஏறும். ஒரு எண் இறங்கினால் பத்து மடங்கு. பல்லைச் சுற்றி அது சுமார் 5.5-க்குக் கீழே போனதும் எனாமலிலிருந்து தாதுக்கள் கழன்றுபோகத் தொடங்குகின்றன. கோலா பானங்களின் பி.ஹெச். ஏறத்தாழ 2.5. எலுமிச்சைச் சாறும் கிட்டத்தட்ட அதே அளவுதான். பாட்டிலின் பின்பக்க லேபிளில் பொடி எழுத்தில் 'அசிடிட்டி ரெகுலேட்டர்' என்று போட்டு 330 அல்லது 338 என்று ஓர் எண் இருக்கும். 330 என்றால் சிட்ரிக் அமிலம், 338 என்றால் பாஸ்பாரிக் அமிலம். பல்லை அரிப்பவை இவைதான். சுர்ரென்று ஏறும் வாயுவுக்கு இதில் பெரிய பங்கில்லை. சர்க்கரையோ எலுமிச்சையோ சேர்க்காத வெறும் சோடாவால் பல்லுக்குப் பெரிய ஆபத்து கிடையாது.

இது நேரடித் தாக்குதல். சர்க்கரை செய்வது சுற்றுவழி. 1924-இல் லண்டனில் ஜே. கிலியன் கிளார்க் சொத்தைப் பற்களிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்று பெயரிட்டார். நாம் காப்பியில் போடும் அதே சர்க்கரையை அது இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறது. ஒரு பகுதியைத் தின்று லாக்டிக் அமிலமாகக் கழிக்கிறது. இன்னொரு பகுதியைப் பசையாக மாற்றிப் பல்லில் ஒட்டிக்கொள்கிறது. காலையில் எழுந்ததும் நாக்கால் தடவினால் பல்லில் வழவழப்பாக ஒரு படலம் தட்டுப்படுகிறதே, அதற்குள்தான் குடியிருக்கிறது. அந்தப் படலத்துக்கு அடியில் உருவாகும் அமிலத்தை எச்சில் உடனே போய்க் கழுவிவிட முடியாது.

அங்கே என்ன நடக்கிறது என்பதை 1940-களில் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஸ்டீபன் அளந்து காட்டினார். மிக நுண்ணிய ஆன்டிமனி மின்முனையைப் பற்படலத்தில் வைத்து, குளுக்கோஸ் கரைசலால் வாயைக் கொப்பளிக்கச் சொன்னார். சில நிமிடங்களிலேயே பி.ஹெச். 5.5-க்குக் கீழே சரிந்தது. பழைய நிலைக்கு வர அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடித்தது. சரிவு சட்டென்று, மீட்சி மெதுவாக. பல் மருத்துவ மாணவர்கள் எல்லோரும் படிக்கும் 'ஸ்டீபன் வளைகோடு' இதுதான். மீளும் நேரத்தில் எச்சில் அமிலத்தைத் தணித்து, தன்னிடமுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் எனாமலுக்குத் திருப்பித் தருகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் நாள்தோறும் நடக்கிறது. கழன்றதை ஈடுகட்ட அவகாசம் கிடைக்காதபோதுதான் சொத்தை விழுகிறது.

அரை லிட்டர் கூல் டிரிங்க்ஸ் பாட்டிலில் சர்க்கரை 50 கிராமைத் தாண்டும். ஒரு பெரியவர் நாள் முழுக்கச் சேர்த்துக்கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல்வரம்பே ஏறத்தாழ அவ்வளவுதான். உடம்பைப் பொறுத்தவரை ஒரே மூச்சில் குடித்தாலும் மத்தியானம் முழுக்கக் குடித்தாலும் அது 50 கிராம்தான். பல்லுக்கு அப்படியில்லை. சாப்பாட்டோடு குடித்து முடித்தால் ஒரு சரிவு, ஒரு மீட்சி. கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்துக்கொண்டு கால்மணிக்கு ஒரு மிடறாக மூன்று மணி நேரம் உறிஞ்சினால், ஒவ்வொரு மிடறிலும் கடிகாரம் முதலிலிருந்து ஓடும்; எச்சிலுக்கு முறையே வராது. 'கொஞ்சம் கொஞ்சமாகத்தானே குடிக்கிறேன்' என்று நாம் நினைக்கும் அந்தச் சிக்கனம்தான் பல்லுக்குக் கேடு.

எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்பதன் முக்கியத்துவம் நமக்குத் தெரிந்த விதம் வேதனையானது. 1945 முதல் சுவீடனின் லுண்ட் நகரில் விபேஹோல்ம் என்ற காப்பகத்தில், மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு வேண்டுமென்றே இனிப்பு கொடுத்துப் பல்லைக் கவனித்தார்கள். சாப்பாட்டோடு சேர்ந்த சர்க்கரையால் சொத்தை அதிகம் கூடவில்லை. இடைவேளைகளில் தின்ற ஒட்டும் மிட்டாயால் மளமளவென்று கூடியது. சம்மதம் சொல்ல முடியாத மனிதர்களின் பற்களை வைத்து வாங்கிய பாடம் இது. அவர்களுக்கு இழைக்கப்பட்டது அநீதி. அந்தப் பாடத்தை நாம் இன்னும் பொருட்படுத்தாமல் இருப்பது எனக்கு அதைவிட வருத்தமாக இருக்கிறது.

நம் ஊரில் கோலாவைவிட டீயைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டீயின் அமிலம் பொருட்படுத்தும் அளவில் இல்லை. அதில் போடும் இரண்டு ஸ்பூன் சர்க்கரைதான் விஷயம். காலை ஆறுக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று, நடுவில் யாராவது கூப்பிட்டால் இன்னொன்று. கூடவே பல்லிடுக்கில் ஒட்டும் பிஸ்கட். வயதானவர்களுக்கு இது இன்னும் பாதகம். ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும்போது, அந்த வேர் எனாமலைப் போலத் தாக்குப்பிடிக்காது, பி.ஹெச். 6 சொச்சத்திலேயே கரையத் தொடங்கிவிடும். ரத்த அழுத்தத்துக்கும் மன அழுத்தத்துக்கும் தரும் மாத்திரைகளில் சில எச்சிலையும் வற்றவைக்கும். நாலு டீயையும் விடச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. இரண்டில் சர்க்கரையை நிறுத்தலாம், டீயை ஆறவிட்டு உறிஞ்சாமல் குடித்து முடிக்கலாம், எழுந்திருக்குமுன் ஒரு வாய் தண்ணீர் கொப்பளிக்கலாம்.

சர்க்கரை இல்லை என்று டயட் பானத்துக்குத் தாவுகிறவர்கள் பாக்டீரியாவைப் பட்டினி போடுகிறார்கள். பானத்தின் அமிலம் அப்படியேதான் இருக்கிறது. உடம்பு இளைக்க வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறும் தேனும் கலந்து குடிப்பவர்கள் இரண்டு தாக்குதலையும் சேர்த்து வரவழைக்கிறார்கள். அமில அரிப்பு குழியாகத் தெரியாது. முன்பற்களின் விளிம்பு மெலிந்து கண்ணாடி போலாகும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். எலுமிச்சை நீரைக் குடித்த கையோடு பிரஷை எடுப்பது இன்னும் மோசம். அமிலத்தில் இளகியிருக்கும் மேற்பரப்பைப் பிரஷ் தேய்த்து எடுத்துவிடும். பல் துலக்கிவிட்டுக் குடியுங்கள். அல்லது குடித்தபின் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, குறைந்தது அரைமணி நேரம் கழித்துத் துலக்குங்கள். புளிப்பு பானத்தைக் குடித்தே ஆக வேண்டும் என்றால் ஸ்ட்ராவின் நுனி பல்லுக்குப் பின்னால் நாக்கின் மேல் இருக்கட்டும். மோரும் புளிப்புதானே என்று கேட்கலாம். அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைந்திருப்பதால் எனாமலிலிருந்து அவை கழன்று வருவதில்லை. வெயில் நாளுக்கு அதைவிட நல்லது என்ன இருக்கிறது?

சாப்பிட்டதும் வாய் கொப்பளிப்பது நம் நல்ல பழக்கம். அதே பழக்கத்தைப் பல் துலக்கியபின்னும் காட்டுவதில்தான் நஷ்டம். பேஸ்ட்டிலுள்ள ஃபுளோரைடு எனாமலில் சேர்ந்தால், பி.ஹெச். 4.5 வரை தாங்கும் படிகமாக மாறுகிறது. நாலு சொம்புத் தண்ணீர் விட்டு அலசினால் அது வாஷ்பேசினோடு போய்விடும். நுரையைத் துப்பினால் போதும். பேஸ்ட் டியூபின் பின்னால் ஃபுளோரைடு 1000 பி.பி.எம். அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவு போதும், அதற்கு மேல் ஆறு வயது வரை பட்டாணி அளவு. தருமபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு மிகுந்த பகுதியில் கிணற்று நீரையோ போர் தண்ணீரையோ குடிப்பவர்கள் பல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

தூங்கும்போது எச்சில் ஏறக்குறைய நின்றுவிடும். அதனால் படுக்கும் நேரத்துச் சர்க்கரைப் பாலும், குழந்தை வாயில் வைத்தபடியே தூங்கிப்போகும் ஜூஸ் பாட்டிலும் பகலில் குடிப்பதைவிடப் பல மடங்கு கெடுதல். பாதிப்பு முதலில் தெரிவது மேல்வரிசை முன்பற்களில். கீழ்ப்பற்களை நாக்கும் எச்சிலும் காக்கின்றன. வாரத்தில் ஒருநாள் குழந்தையின் மேலுதட்டைத் தூக்கி, ஒரு மெல்லிய துணியால் பல்லின் ஈரத்தை ஒற்றிவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு போலப் பளபளப்பில்லாத வெண்மை தெரிந்தால் அங்கே தாது கழன்றிருக்கிறது, ஆனால் மேற்பரப்பு இன்னும் உடையவில்லை. இந்த நிலையில் அதைத் திருப்பிவிட முடியும். இரவு பாட்டிலை நிறுத்தி, அரசு மருத்துவமனையின் பல் பிரிவிலோ வேறு பல் மருத்துவரிடமோ காட்டினால் ஃபுளோரைடு வார்னிஷ் தடவுவார்கள். வலி கிடையாது, சில நிமிட வேலை, ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மறுபடி தடவ வேண்டும். கோடு பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் வார்னிஷால் மட்டும் அதை மூட முடியாது, அடைப்புதான் வைக்க வேண்டும்.