மூட்டுவலி மருந்து "கேட்டுச்சு" என்றால் என்ன அர்த்தம்?

முழங்கால் வலி இல்லாத ஒரு பாட்டியை உங்கள் தெருவில் காட்டுங்கள் பார்ப்போம்! ஒருத்தர் தைலம் தேய்க்கிறார், ஒருத்தர் உறை மாட்டுகிறார், இன்னொருத்தர் டி.வி.யில் பார்த்த மாத்திரையை வரவழைக்கிறார். கேட்டால் எல்லாருமே "எனக்கு நல்லா கேட்டுச்சுப்பா"ன்னு சொல்வாங்க. அப்படின்னா எல்லாமே நல்ல மருந்துதானா?

இங்கேதான் சிக்கல். மூட்டுத் தேய்மான வலி ஒரே அளவில் நிற்காது. ஒரு வாரம் கூடும், அடுத்த வாரம் தானாகவே குறையும். நாம் மருந்து வாங்க ஓடுவது வலி உச்சத்தில் இருக்கும்போதுதானே? அதற்குப் பிறகு எதைத் தேய்த்தாலும் குறையத்தான் வாய்ப்பு அதிகம். பேர் மட்டும் தைலத்துக்குப் போய்விடும். (காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை!) அதோடு, "டாக்டர் பார்த்துட்டார், இனி சரியாயிடும்" என்ற நம்பிக்கையும் வலியைக் கொஞ்சம் குறைக்கும்.

இதைப் பிரித்துப் பார்க்க அமெரிக்காவில் ஒரு துணிச்சலான சோதனை நடந்தது. தேய்ந்த முழங்காலுக்குள் சின்னத் துளை வழியாகக் குழாய் விட்டு, உப்புநீரால் கழுவி, பிசிறுகளைச் சுரண்டி எடுக்கும் ஆபரேஷன் அப்போது அங்கே ரொம்பப் பிரபலம். வருடத்துக்கு 6,50,000க்கும் மேல் நடந்தது. ஒன்றுக்குச் செலவு சுமார் 5,000 டாலர்! ஹூஸ்டன் நகரில் முன்னாள் ராணுவ வீரர்களுக்கான மருத்துவமனையில் புரூஸ் மோஸ்லி என்ற எலும்பு டாக்டரும் அவர் குழுவும் 180 பேரைச் சீட்டுக் குலுக்குவது போல மூன்றாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்குச் சுரண்டல். இரண்டாவதுக்குக் கழுவல் மட்டும். மூன்றாவதுக்கு? தோலில் மூன்று சின்ன வெட்டு, அவ்வளவுதான்! மூட்டுக்குள் எதுவுமே போகவில்லை. ஆனால் டாக்டர் கருவிகளைக் கேட்டு வாங்குவார், காலை மடக்கி நீட்டுவார், தண்ணீர் சத்தம்கூட வரவைப்பார். யாருக்கு எந்த வைத்தியம் என்பது, ஆபரேஷன் அறையில் உறையைப் பிரித்த பிறகுதான் டாக்டருக்கே தெரியும்.

இது ஏமாற்று வேலை இல்லையான்னு கேட்பீங்க. இல்லை. "எனக்குப் பொய் ஆபரேஷனும் நடக்கலாம்" என்று ஒவ்வொருவரும் முன்பே எழுதிக் கொடுத்தார்கள். கேட்கப்பட்ட 324 பேரில் 144 பேர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். (நானாக இருந்தால் நானும் ஓடியிருப்பேன்.)

2002-ல் முடிவு வெளிவந்தது. இரண்டு வருடம் கவனித்தும் மூன்று குழுவுக்கும் வலியில் வித்தியாசமே இல்லை! சில சமயங்களில் சுரண்டிய குழு பொய்க் குழுவைவிட மெதுவாகத்தான் நடந்தது. 2013-ல் ஃபின்லாந்திலும் இப்படி ஒரு சோதனை. வயதினால் கிழிந்த முழங்கால் ஜவ்வை வெட்டி எடுத்தவர்களும், எடுத்ததாக நம்பியவர்களும் ஒரு வருடம் கழித்து ஒரே மாதிரிதான் இருந்தார்கள். (கபடியில் அடிபட்டுக் கிழிவது வேறு கதை.)

மாத்திரைக்கும் இதே கணக்குதான். குளுக்கோசமைன் பற்றி அமெரிக்காவில் 1,583 பேரை வைத்து நடந்த சோதனை 2006-ல் வந்தது. அதைச் சாப்பிட்டவர்களில் 100க்கு 64 பேருக்கு வலி குறைந்தது. ஆஹா என்கிறீர்களா? மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 60 பேருக்குக் குறைந்தது! அந்த 4 பேர் வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. அதனால் "ஆயிரம் பேர் குணமடைந்தனர்" என்று விளம்பரம் வந்தால், சாப்பிடாத ஆயிரம் பேருக்கு என்ன ஆச்சுன்னு கேளுங்க.

சரி, எதுதான் உதவும்? தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி, நடை, உடல் எடையைக் குறைப்பது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் நாலு கிலோ குறையுமாம்! ஆனால் இதற்கெல்லாம் டி.வி.யில் விளம்பரம் வராது.

மூட்டு மாற்று ஆபரேஷன் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். டென்மார்க்கில் அது தேவைப்படும் நிலையில் இருந்த 100 பேரை இரண்டாகப் பிரித்துச் சோதித்தார்கள் (2015). ஆபரேஷனும் பயிற்சியும் பெற்ற 50 பேருக்கு, பயிற்சி முதலானவை மட்டும் பெற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நிவாரணம். ஆனால் கடுமையான பாதிப்புகளும் அவர்களுக்குத்தான் அதிகம்: 24க்கு 6. இந்தச் சோதனையில் பொய் ஆபரேஷன் கிடையாது, அதையும் கவனியுங்கள். பயிற்சிக் குழுவின் 50 பேரில் 13 பேர் வலி தாங்காமல் அந்த வருடமே ஆபரேஷனுக்குப் போனார்கள். மீதி 37 பேர் சொந்த மூட்டோடு வருடத்தை ஓட்டிவிட்டார்கள்.