ஸ்குவாஷ்எஃப்எஸ் படிமம் உருவாக்கல்

ஸ்குவாஷ்எஃப்எஸ் என்பது லினக்ஸ் இயங்குதளத்தில் பயன்படும், சுருக்கப்பட்ட, படிக்க மட்டுமே இயலும் ஒரு கோப்பு முறைமை ஆகும். ஓர் அடைவையும் அதன் உள்ளடக்கம் முழுவதையும் சுருக்கி ஒரே கோப்பாக ஆக்கும்போது அக்கோப்பு படிமம் எனப்படும். இப்படிமங்களை உருவாக்கப் பயன்படும் கட்டளைவரிக் கருவி எம்கேஸ்குவாஷ்எஃப்எஸ் ஆகும். நிகழ்வட்டுகள், இணையத் திசைவிகள், மென்பொருள் பொதிகள் ஆகியவற்றில் இப்படிமங்கள் பரவலாகப் பயன்படுகின்றன.

வரலாறு

ஸ்குவாஷ்எஃப்எஸ்சை பிலிப் லூகர் உருவாக்கி 2002 ஆம் ஆண்டு வெளியிட்டார். அதற்கு முன்னர் இத்தேவைக்குப் பயன்பட்ட கிராம்எஃப்எஸ் கோப்பு முறைமையில் ஒரு கோப்பின் அளவு 16 மெகாபைட்டுக்குள்ளும், முழுப் படிமத்தின் அளவு ஏறத்தாழ 256 மெகாபைட்டுக்குள்ளும் இருக்க வேண்டியிருந்தது. ஸ்குவாஷ்எஃப்எஸ்சில் இவ்வரம்புகள் இல்லை. பல ஆண்டுகள் தனி ஒட்டாக வழங்கப்பட்டு வந்த இது, 2009 இல் வெளியான லினக்ஸ் கருனி 2.6.29 பதிப்பில் அதிகாரபூர்வமாக இணைக்கப்பட்டது.

செயல்படும் முறை

தார் அல்லது சிப் கோப்பிலிருந்து ஸ்குவாஷ்எஃப்எஸ் படிமம் ஒரு முக்கியமான வகையில் வேறுபடுகிறது. படிமத்தை விரித்து வட்டில் எழுதத் தேவையில்லை. அதனை ஓர் அடைவில் ஏற்றியவுடன் உள்ளிருக்கும் கோப்புகளை நேரடியாகப் படிக்கலாம். கேட்கப்படும் பகுதியை மட்டும் கருனி அவ்வப்போது விரித்துத் தருகிறது.

இதற்காக ஒவ்வொரு கோப்பும் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுத் தனித்தனியே சுருக்கப்படுகிறது. தொகுதியின் இயல்பான அளவு 128 கிலோபைட்டு. 4 கிலோபைட்டு முதல் 1 மெகாபைட்டு வரை இதனை மாற்றியமைக்கலாம். பெரிய தொகுதிகள் நன்றாகச் சுருங்கும். ஆனால் ஒரு சிறு பகுதியைப் படிப்பதற்கும் தொகுதி முழுவதையும் விரிக்க வேண்டியிருக்கும். சிறு கோப்புகளும், பெரிய கோப்புகளின் மிச்ச நுனிகளும் ஒன்றாகத் திரட்டப்பட்டுச் சுருக்கப்படுகின்றன. ஒரே உள்ளடக்கம் கொண்ட கோப்புகள் ஒருமுறை மட்டுமே சேமிக்கப்படும்.

கட்டளையின் அமைப்பு

கட்டளையில் முதலில் மூல அடைவின் பெயரும், அடுத்து உருவாக்கப்பட வேண்டிய படிமத்தின் பெயரும், இறுதியில் தெரிவுகளும் இடம்பெறும். ஒரே ஒரு மூல அடைவு தரப்பட்டால் அதன் உள்ளடக்கம் படிமத்தின் வேர் அடைவாக அமையும். பல அடைவுகள் தரப்பட்டால் அவை ஒவ்வொன்றும் வேர் அடைவின் கீழ்த் தனித்தனியே இடம்பெறும்.

'காம்ப்' என்னும் தெரிவு சுருக்கும் முறையையும், 'பி' என்னும் தெரிவு தொகுதியின் அளவையும் குறிப்பன. 'ஈ' என்னும் தெரிவுக்குப் பின் வருவன அனைத்தும் விலக்கப்பட வேண்டிய கோப்புகளாகக் கொள்ளப்படும். எனவே அதனை இறுதியில் எழுதுவதே முறை. படிமத்தைத் திரும்ப விரிக்க அன்ஸ்குவாஷ்எஃப்எஸ் என்னும் துணைக்கருவி உள்ளது.

சுருக்கும் முறைகள்

* ஜிசிப்: இயல்பான முறை. எல்லாப் பதிப்புகளிலும் இயங்கும்.
* எக்ஸ்இசட்: படிமம் மிகச் சிறிதாகும். விரிக்கக் கூடுதல் நேரமும் நினைவகமும் தேவை. கருனி 2.6.38 முதல் (2011) உண்டு.
* எல்இசட்4: மிக விரைவாக விரியும். படிமம் பெரிதாக இருக்கும். கருனி 3.19 முதல் (2015) உண்டு.
* இசட்ஸ்டாண்டர்டு: நன்கு சுருக்குவதுடன் ஜிசிப்பை விட விரைவாக விரியும். கருனி 4.14 முதல் (2017) உண்டு.

படிமத்தை ஏற்றப்போகும் கணினியின் கருனி அம்முறையை அறிந்திருக்க வேண்டும். இல்லாவிடில் படிமத்தை ஏற்ற இயலாது. ஒளிப்படம், நிகழ்படம் போன்ற ஏற்கனவே சுருக்கப்பட்ட கோப்புகள் எம்முறையிலும் பெரிதாகச் சுருங்குவதில்லை.

கவனிக்க வேண்டியவை

குறிப்பிட்ட பெயரில் ஏற்கனவே ஒரு படிமம் இருந்தால், கருவி அதனை அழிப்பதில்லை. புதிய கோப்புகளை அதனுடன் சேர்க்கிறது. ஒரே கட்டளையை இருமுறை இயக்கினால் கோப்புகள் இரட்டிப்பாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். புதிதாகத் தொடங்க 'நோஅப்பெண்ட்' என்னும் தெரிவு தேவை. ஆனால் இத்தெரிவு அப்பெயரில் உள்ள எந்தக் கோப்பையும் கேட்காமல் மேலெழுதிவிடும்.

படிக்க அனுமதி இல்லாத கோப்பை எதிர்கொண்டால், கருவி ஓர் எச்சரிக்கையை மட்டும் காட்டி, அவ்விடத்தில் வெற்றுக் கோப்பை வைத்துவிட்டுத் தொடரும். படிமம் முழுமையானது போலவே தோன்றும். காப்புநகல் எடுப்போர் இதனால் தரவை இழக்க நேரிடலாம். எனவே முழு இயங்குதளத்தைப் படிமமாக்கும்போது நிர்வாகி உரிமையுடன் இயக்குவதும், எச்சரிக்கைகளைப் படிப்பதும், மூலத்தை அழிக்கும் முன் படிமத்தை ஏற்றிச் சரிபார்ப்பதும் அவசியம். கருனி உருவாக்கும் 'புராக்', 'சிஸ்' அடைவுகளின் உள்ளடக்கத்தை விலக்க வேண்டும்.

படிமத்தில் ஒரு எழுத்தை மாற்றவும் அதனை விரித்து, திருத்தி, மீண்டும் உருவாக்க வேண்டும். எனினும் படிமக் கோப்பையே வேறொன்றால் மாற்றிவிட இயலும் என்பதால், படிக்க மட்டுமே இயலும் தன்மை பாதுகாப்பு ஆகாது. அதற்குக் கையொப்பம் போன்ற தனி ஏற்பாடு தேவை.

பயன்பாடுகள்

உபுண்டு, டெபியன் ஆகியவற்றின் நிகழ்வட்டுகளில் முழு இயங்குதளமும் இவ்வகைப் படிமத்தில் அடங்கியுள்ளது. ஸ்னாப் பொதிகளும் இவ்வடிவிலானவை. திசைவிகளுக்கான ஓப்பன்டபிள்யூஆர்டி இயங்குதளம், சில மெகாபைட்டுகளே கொண்ட நினைவகச் சில்லிலும் இதனால் அடங்குகிறது. அதில் பயனர் செய்யும் மாற்றங்கள் படிமத்தின் மேல் அமையும் தனி அடுக்கில் எழுதப்படுகின்றன. அமைப்புகள் பிழையானாலும் அவ்வடுக்கை மட்டும் அழித்துத் திசைவியைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரலாம். படிமத்தில் எதுவும் எழுதப்படுவதில்லை என்பதால், திடீரென மின்சாரம் தடைபட்டாலும் அடிப்படைக் கோப்புகள் சிதைவதில்லை.