குளவி வண்டிகளின் ஊர்வலத்தில் ஒரு காலை



பழைய வெஸ்பா, லம்பிரட்டா ஸ்கூட்டர்களை வைத்திருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காலிமுகத்திடலில் கூடி, கொள்ளுப்பிட்டி, மரைன் டிரைவ் வழியாக வெள்ளவத்தை வரை ஊர்வலமாக வரப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வேறொரு சமயமாக இருந்தால், வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று விட்டிருப்பேன். ஆனால் கொட்டாஞ்சேனையில் நான் அடிக்கடி சென்று சந்திக்கும் ஓர் அக்கா, தமது வீட்டின் பின்புறத்தில் நிற்கும் பழைய வெஸ்பாவை அந்தக் கிழமைதான் பழைய இரும்பு வாங்கும் ஒருவருக்குக் கொடுக்க முடிவு செய்திருந்தார். பேசிய விலை 15,000 ரூபா.

அந்த வண்டி அவருடைய மாமனார் வாங்கியது. பின்பு கணவரின் பெயருக்கு மாற்றப்பட்டது. 2008ஆம் ஆண்டில் ஒருநாள் மாலை கடைக்குப் போன கணவர் திரும்பி வரவில்லை. அன்று வண்டியின் ரயர் காற்றுப் போயிருந்ததால் நடந்தே போனார். அதனால் வண்டி வீட்டில் நின்றுவிட்டது. அப்போது மகனுக்கு இரண்டு வயது. அன்று தொட்டு வண்டி படங்குக்குக் கீழேதான் நிற்கிறது.

"விக்கிறதெண்டா வில்லுங்கோ அக்கா. ஆனா அதின்ர பெறுமதி என்னெண்டு தெரிஞ்சுகொண்டு வில்லுங்கோ" என்று சொல்லி அவரையும் கூட்டிக்கொண்டு ஒரு முச்சக்கர வண்டியில் புறப்பட்டேன்.

காலிமுகத்திடலில் நாற்பதுக்குக் குறையாத வண்டிகள் வரிசையாக நின்றன. பச்சை, வெளிர்நீலம், தந்த நிறம் என்று பல வர்ணங்கள். இத்தாலியில் செய்யப்பட்டவையும் நின்றன. 1960களில் பியாஜியோ நிறுவனத்தின் அனுமதியோடு இந்தியாவில் பஜாஜ் நிறுவனம் செய்த வெஸ்பாக்களும் நின்றன. சிலவற்றின் இலக்கத்தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இருந்தது. அந்த எழுத்து 1957இல் நடைமுறைக்கு வந்தது. வடக்கில் அதற்கு எதிராக இயக்கம் நடந்ததையும், 1958இல் தெற்கில் தமிழ் எழுத்துகள் மீது தார் பூசப்பட்டதையும், அந்த ஆண்டுக் கலவரத்தையும் எங்கள் மூத்தவர்கள் மறக்கவில்லை. "எங்கட வண்டியிலயும் உந்த எழுத்துத்தான். மாமா அதைப் பாக்கேக்கையெல்லாம் பெருமூச்சு விடுவார்" என்றார் அக்கா.

இந்த வண்டியின் பிறப்புக் கதையை நான் அவருக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதுவும் ஒரு போரின் பின்கதை.

இத்தாலியில் பொன்ரெடேரா என்னும் ஊரில் பியாஜியோ நிறுவனத்துக்கு ஒரு பெரிய தொழிற்சாலை இருந்தது. அங்கு போர் விமானங்கள் செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அது குண்டுவீச்சில் தரைமட்டமாயிற்று. போர் முடிந்தபோது விமானம் செய்ய வழியில்லை, தொழிலாளருக்கு வேலையில்லை, வீதிகள் உடைந்து கிடந்தன, சனங்களிடம் கார் வாங்கப் பணமில்லை. அந்த நேரத்தில் முதலாளி என்றிக்கோ பியாஜியோ, எல்லோரும் ஓடக்கூடிய ஒரு மலிவான வண்டியைச் செய்யத் தீர்மானித்தார். அந்தப் பொறுப்பை கொறாடினோ டஸ்கானியோ என்ற விமானப் பொறியியலாளரிடம் கொடுத்தார்.

டஸ்கானியோவுக்கு மோட்டார் சைக்கிள் பிடிக்காது. எண்ணெய் பட்டு உடுப்பு அழுக்காகும்; சங்கிலி தொல்லை தரும்; ரயர் மாற்றுவது கஷ்டம். ஆகவே அவர் சங்கிலியை நீக்கி, இயந்திரத்தைப் பின்சில்லின் பக்கத்திலேயே பொருத்தி மூடிவிட்டார். முன்சில்லை விமானத்தின் சில்லைப் போல ஒரு பக்கத்தில் மட்டும் தாங்கச் செய்தார். அதனால் ரயர் மாற்றுவது இலகுவாயிற்று. கியரைக் கைபிடியில் வைத்தார். காலைத் தூக்கிப் போட்டு ஏறத் தேவையில்லாதபடி முன்பக்கத்தைத் திறந்துவிட்டார். பாவாடை அணிந்த பெண்ணும் தயக்கமின்றி ஏறி ஓடலாம். 1946 ஏப்ரலில் அதற்குக் காப்புரிமை கோரப்பட்டது. இடுப்பு ஒடுங்கிய அதன் வடிவத்தைப் பார்த்து, "குளவி மாதிரி இருக்கிறதே" என்று முதலாளி சொன்னதாகக் கூறுவார்கள். இத்தாலிய மொழியில் 'வெஸ்பா' என்றால் குளவி. இத்தாலியப் பெண்கள் நாடளாவிய வாக்கெடுப்பில் முதன்முதலாக வாக்களித்ததும் அதே 1946இல்தான்.

1947இல் மிலான் நகரின் இன்னொசென்ரி நிறுவனம் லம்பிரட்டாவைக் கொண்டுவந்தது. இரும்புக் குழாய் செய்துவந்த நிறுவனம் அது. 1948இல் பியாஜியோ, வெஸ்பாவோடு இன்னொரு சில்லைச் சேர்த்து மூன்று சில்லு வண்டியைச் செய்தது. அதன் பெயர் 'ஆப்பே'. தேனீ என்று பொருள். அந்தத் தேனீயின் வழியில் வந்ததுதான் இந்தியாவின் ஓட்டோ. நாங்கள் அன்று கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த முச்சக்கர வண்டியும் அதே குடும்பம்தான். இதைச் சொன்னதும் அக்கா சிரித்தார். "அப்ப நாங்கள் குளவியைப் பாக்கத் தேனீயில வந்திருக்கிறம்."

ஊர்வலம் புறப்பட இருந்த நேரத்தில் ஒரு வெளிர்நீல வெஸ்பா ஸ்ராட் ஆகவில்லை. அதன் சொந்தக்காரரான இளைஞர் உதைத்து உதைத்துக் களைத்துவிட்டார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்ற அக்கா மெதுவாகச் சொன்னார்: "பிளக்கைக் கழட்டிப் பாருங்கோ தம்பி. நனைஞ்சுபோய் கரி பிடிச்சிருக்கும்."

கழற்றிப் பார்த்தால் அப்படியே இருந்தது. துடைத்து, மண்தாளால் தேய்த்து, திரும்பப் போட்டு உதைத்ததும் வண்டி புகை விட்டுக்கொண்டு உயிர் பெற்றது.

அக்கா யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காமல், மண்ணெண்ணெயில் வாகனம் ஓடிய நாட்கள் எங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். மருந்துப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் செய்வார்கள். மண்ணெண்ணெயில் பிளக் அடிக்கடி கரி பிடிக்கும். அதைக் கழற்றித் துடைப்பது தகப்பனாரின் மோட்டார் சைக்கிளுக்கு இவர் செய்த வேலை. "உது ஒரு வேலையெண்டு நான் நினைக்கேல்ல. கஷ்டகாலத்தில செய்தது" என்றார். நாங்கள் பட்ட கஷ்டத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அந்தக் கஷ்டத்தில் கற்றுக்கொண்ட தொழிலை ஒருநாளும் எண்ணியதில்லை.

அங்கே நின்ற ஒரு முஸ்லிம் நானா இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். கொட்டாஞ்சேனைப் பக்கம் பல வருடமாகக் கராஜ் வைத்திருப்பவர். அக்கா தம் வண்டியைப் பற்றிச் சொன்னதும் அவர் கேட்ட முதற்கேள்வி, "தங்கச்சி, புக் ஈக்கா?" என்பதுதான்.

புத்தகம் இருக்கிறது. அலுமாரியில், கணவரின் அடையாள அட்டைப் பிரதியோடு இருக்கிறது.

"அப்ப பழைய இரும்புக்குக் குடுக்க வாணாம். அந்த ஆள் இரும்புக்கு வாங்கல்ல. மீற்றரு, லைற்று, பெயர்த்தகடு எல்லாத்தையும் தனித்தனியா வித்துப்போடுவான்" என்றார் நானா. இயந்திர இலக்கமும் சட்டகத்தின் இலக்கமும் புத்தகத்தில் உள்ளபடி இருக்க வேண்டும். பழைய பாகங்கள் கலையாமல் இருக்க வேண்டும். கால் வைக்கும் தட்டில் துரு எவ்வளவு தூரம் தின்றிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இவற்றைப் பொறுத்துத்தான் விலை என்று விளக்கினார். 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது, இருப்பதைத் திருத்தி ஓடுவதை இந்த நாடு பழகிக்கொண்டது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது பாவித்த வாகனங்களின் விலை ஏறியது. 2025இல் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டபோதிலும் இப்படிப்பட்ட பழைய வண்டியைத் தேடுபவர்கள் குறையவில்லை என்றார் நானா.

ஆனால் விற்பதற்குக் கையெழுத்து வைக்க வேண்டியவர் கணவர். அவர் எங்கே?

இந்தக் கேள்வி ஸ்கூட்டருக்கு மட்டும் உரியதல்ல. காணி, வங்கிக் கணக்கு, உழவு இயந்திரம் என்று எத்தனையோ சொத்துகள் காணாமற்போனவர்களின் பெயரில் கிடக்கின்றன. 2010ஆம் ஆண்டின் சட்டம் மரணப் பதிவுக்கு மட்டுமே வழி செய்தது. உடலையே காணாத ஒருவரை இறந்தவர் என்று எழுதிக் கொடுக்கப் பல பெண்கள் மறுத்தார்கள். 2016இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, காணாமற்போனமைக்கான சான்றிதழ் அறிமுகமாயிற்று. அதைப் பெற்ற குடும்பத்தவர், ஆள் இறந்ததாகச் சொல்லாமலே அவருடைய சொத்துகளைத் தற்காலிகமாகப் பராமரிக்க முடியும். அரச உதவிகளுக்கும் விண்ணப்பிக்க முடியும். அதையும் வேண்டாம் என்பவர்கள் உண்டு. எந்தக் கடதாசி கொடுத்தாலும் தேடுதலை மூடிவிடுவார்கள் என்ற அவர்களின் பயம் வெறும் பயமல்ல. வழி இருக்கிறதென்று சொல்வது என் கடமை. நடப்பதும் நடவாததும் அவரவர் உரிமை.

"மரணச் சான்றிதழ் எடுங்கோ எண்டு எத்தினை பேர் சொல்லிச்சினம். நான் எடுக்கேல்ல. இந்த மற்றக் கடதாசியைப் பற்றி வாசிச்சுப் பாக்கிறன்" என்று மட்டும் அக்கா சொன்னார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

வண்டிகள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டன. ஓடியவர்களில் பெண்கள் இருவர் மட்டுமே. யாழ்ப்பாண வீதிகளில் சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் தினமும் போகும் எங்கள் பெண்களை நினைத்துக்கொண்டேன். ஓட எங்களுக்குத் தெரியும். கராஜ் கதவுக்குள்தான் நாங்கள் இன்னும் போகவில்லை.

மூன்று கிழமைக்குப் பின் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பழைய இரும்பு வாங்குபவருக்கு அக்கா 'இல்லை' என்று சொல்லியிருந்தார். படங்கு மடித்து வைக்கப்பட்டிருந்தது. மகன் காபரேற்றரைக் கழற்றிக் கடதாசியில் பரப்பியிருந்தான். பக்கத்தில் கதிரை போட்டு அமர்ந்து, எது எங்கிருந்து வந்தது என்று அக்கா வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நானா தம் கராஜில் கிழமைக்கு இரண்டு நாள் மகனைப் பழக்குவதாகச் சொல்லியிருக்கிறாராம். "அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா" என்றாராம்.

வண்டி இன்னும் ஓடவில்லை. விற்பதா, வைத்திருப்பதா என்றும் முடிவாகவில்லை. "அவன் அப்பாவுக்கு முன்னால நிண்டுகொண்டு போன வண்டி. முதல்ல ஓடட்டும்" என்றார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் படங்கு மூடிய ஏதேனும் ஒன்று இருக்கலாம். தையல் இயந்திரமோ, நீர் இறைக்கும் இயந்திரமோ, சைக்கிளோ. நாளைக்கு ஒருவர் வந்து விலை கேட்டால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். அதன் கடதாசிகளை எடுத்துப் பாருங்கள். தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அதை இயக்க உங்கள் கைக்கே தெரியுமா என்றும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.