ரெடிமேடா, கையால் சுற்றியதா? நுரையீரலுக்கு எது நல்லது?

காலேஜில் படிக்கிற உங்கள் மகனின் பையில் பேனா மாதிரியோ, சின்ன டார்ச் லைட் மாதிரியோ ஒரு பொருள் கிடைக்கிறது. முகர்ந்தால் மாம்பழ வாசனை! "இது என்னடா?" என்றால், "சிகரெட் இல்லைம்மா, வெறும் ஆவிதான்" என்கிறான்.

அவிநாசியில் என் வைத்தியசாலைக்கு வருகிற பெற்றோர் இப்போது அதற்கும் ஒரு படி மேலே போய்க் கேட்கிறார்கள். "ஏனுங்க டாக்டர், கடையில ரெடிமேடா வாங்கறதுதான் கெடுதலாமுங்க. இவனே கம்பி சுத்தி, பஞ்சு வெச்சு செஞ்சுக்கறது சுத்தமானதுன்னு சொல்றானுங்க. நெசங்களா?"

சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. பையன் நாலு விஷயம் படித்துவிட்டுத்தான் பேசுகிறான். நாமும் தெரிந்துகொண்டு பேசினால்தான் காதில் வாங்குவான்.

'வேப்' என்கிற இந்தச் சாதனத்தில் பெரிய சூட்சுமம் எதுவும் கிடையாது. ஒரு பாட்டரி, ஒரு கம்பிச் சுருள், அதன் நடுவே கொஞ்சம் பஞ்சு. பஞ்சு உறிஞ்சுகிற திரவத்தில் புரோப்பிலீன் கிளைகால், கிளிசரின், வாசனைச் சரக்கு, பெரும்பாலும் நிகோடின். கம்பி சூடானதும் திரவம் ஆவியாகிறது. கம்பியும் பஞ்சும் உட்கார்ந்திருக்கும் தலைப்பகுதிக்கு 'அட்டாமைசர்' என்று பெயர். அதை மூடி முத்திரை வைத்து விற்றால் ரெடிமேட். கழற்றி, நாமே கம்பி சுற்றி, பஞ்சு மாற்றிக்கொள்ள முடிந்தால் அதற்கு 'ரீபில்டபிள்' என்று பெயர்.

பையன் சொல்வதில் எவ்வளவு உண்மை?

கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. ரெடிமேடில் உள்ளே என்ன கம்பி, என்ன பஞ்சு என்று வெளியே தெரியாது. பஞ்சு கருகினாலும் கருகலோடுதான் இழுக்க வேண்டும். காய்ந்த பஞ்சு தீயும்போது ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் என்று நுரையீரலை அரிக்கிற பொருள்கள் அதிகமாகக் கிளம்பும். நிகோடினும் ரெடிமேடில் ரொம்பக் கடுமை. மில்லிக்கு 50 மில்லிகிராம் என்றால், 2 மில்லி பிடிக்கிற சின்னக் குப்பியில் 100 மில்லிகிராம்! ஒரு சிகரெட்டிலிருந்து உடம்பில் சேர்வது 1 முதல் 2 மில்லிகிராம்தான். உப்பு வடிவில் கலப்பதால் தொண்டையில் காரமே தெரிவதில்லை. அதனால்தான் பிள்ளைகள் இதில் சுலபமாக மாட்டிக்கொள்கிறார்கள்.

கையால் சுற்றுகிறவர்கள் பொதுவாக 3 மில்லிகிராம், 6 மில்லிகிராம் என்று குறைத்து ஊற்றுவார்கள். ஆனால் புகை மேகம் பெரிதாக வேண்டும் என்று திரவத்தை அதிகம் எரிப்பார்கள். ஒரு பக்கம் குறைந்தது மறுபக்கம் வந்து சேர்ந்துவிடும்.

"புதுக் கம்பி, புதுப் பஞ்சு, அதனால சுத்தம்" என்கிறானா? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2018-ல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லுங்கள். தினமும் வேப் இழுக்கிற 56 பேரின் சொந்தச் சாதனங்களைச் சோதித்தார்கள். புட்டியில் இருந்தபோது திரவத்தில் உலோகம் சொற்பம். காயிலைத் தொட்ட பிறகு ஈயம், நிக்கல், குரோமியம் எல்லாம் ஏறியிருந்தது. அடிக்கடி காயில் மாற்றியவர்களின் ஆவியில்தான் உலோகம் அதிகம்!

அப்புறம் பாட்டரி. கோயமுத்தூர்க்காரர்களுக்கு மோட்டார் வைண்டிங் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரெசிஸ்டன்ஸ் குறைந்தால் கரண்ட் ஏறும். முழு சார்ஜில் 4.2 வோல்ட் உள்ள பாட்டரியில் 1 ஓம் சுருள் போட்டால் சுமார் 4 ஆம்பியர். 0.2 ஓம் போட்டால் 21 ஆம்பியர். மோட்டாருக்காவது ஃபியூஸ் உண்டு. இந்தக் குழாய்களில் சில ரகத்துக்குக் கட்டுப்பாட்டு சர்க்யூட்டே கிடையாது. 2018-ல் ஃபுளோரிடாவிலும் 2019-ல் டெக்சாசிலும் வேப் வெடித்து ஆளுக்கொரு உயிர் போயிருக்கிறது.

"மூலிகை ஊத்திக்கலாங்களா?"

இதையும் என்னிடம் கேட்கிறார்கள். "நிகோடின் வேண்டாமுங்க, ஓமமோ நொச்சித் தைலமோ ஊத்திக்கலாங்களா?" கூடவே கூடாது. எனக்குக் கோபம் வருகிற கேள்வி இது ஒன்றுதான்!

சித்த மருத்துவத்தின் 32 புற மருந்துகளில் வேதும் உண்டு, புகையும் உண்டு. ஆனால் நொச்சி போட்டு வேது பிடிக்கிற சட்டியில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது. காயில் 200 டிகிரியைத் தாண்டும். வேது என்பது சளிக்கு இரண்டு மூன்று நாள் வைத்தியம். இது தினம் நூறு இருநூறு இழுப்பு.

தோலுக்கு ஆகிற தைலம் நுரையீரலுக்கு ஆகாது. வயிற்றுக்கு ஆகிறதும் அப்படித்தான். வெண்ணெய் வாசனை தரும் டைஅசிட்டைல் தின்பண்டத்தில் கலக்கிற சாதாரணச் சரக்கு. ஆனால் 2000-ம் ஆண்டில் அமெரிக்காவின் மிசௌரியில், பாப்கார்ன் ஆலையில் அதைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு நுரையீரலே கெட்டுப்போனது தெரியவந்தது. வைட்டமின் ஈ மாத்திரையாகச் சாப்பிடுகிறோம், கிரீமாகப் பூசுகிறோம். அதன் அசிட்டேட்டைக் கஞ்சா எண்ணெயோடு கலந்து, கள்ளத்தனமாக விற்ற வேப் குப்பிகள்தான் 2019-ல் அமெரிக்காவில் பெரிய ஆபத்தானது. 2020 பிப்ரவரி வரை ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களும் இறந்தவர்களுமாக 2,807 பேர். அதில் 68 உயிர்கள் போயின. கம்பியை யார் சுற்றினார்கள் என்பதை நுரையீரல் கேட்கவில்லை.

வேப் இழுக்கிற பிள்ளைக்கு மூச்சு வாங்குதல், இருமல், காய்ச்சல், வாந்தி சேர்ந்து வந்தால் என்னிடம் கஷாயத்துக்கு வராதீர்கள். நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வேப் விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள்.

சட்டத்துக்கும் இரண்டு ரகமும் ஒன்றுதான். 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம், அந்த டிசம்பரிலேயே முழுச் சட்டம். தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றுக்கும் தடை. முதல் தடவை மாட்டினால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைத்தாலும் 6 மாதம் வரை உள்ளே போகலாம். நிகோடின் இல்லாத 'மூலிகை' வேப்புக்கும் விலக்கு கிடையாது. நண்பர்களுக்குக் காயில் சுற்றிக் கொடுத்துக் காசு வாங்குகிற பையன்கள் இதை யோசிக்க வேண்டும்.

"சிகரெட்டை விட இங்கிலாந்தில் வேப்தானே கொடுக்கிறார்கள்?" என்று கேட்பான். உண்மைதான். அது ஏற்கெனவே புகைப்பவருக்கு, தரக் கட்டுப்பாடு உள்ள நாட்டில். உங்கள் மகன் சிகரெட்டே தொடாதவன் என்றால் அந்தக் கணக்கு அவனுக்குப் பொருந்தாது.

என்ன செய்யலாம்?

அடிக்காதீர்கள். எத்தனை நாளாக, எத்தனை மில்லிகிராம் என்று கேளுங்கள். நிறுத்திய முதல் வாரம் எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி எல்லாம் இருக்கும். தண்ணீர், மோர் நிறையக் கொடுங்கள். ஏங்குகிற நேரத்தில் ஏலக்காயோ கிராம்போ வாயில் போட்டுக்கொள்ளட்டும். நிகோடினை விரட்டுகிற லேகியம் என்னிடம் இல்லை, இருப்பதாகச் சொல்கிறவரை நம்பாதீர்கள். 1800-11-2356 என்ற அரசின் இலவச எண்ணில் பேசலாம்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்தத் திரவப் புட்டியை முதலில் தேடி எடுங்கள். 2014-ல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை அதைக் குடித்து இறந்திருக்கிறது. சாதனத்தைக் கோபத்தில் வெந்நீர் அடுப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள், லித்தியம் பாட்டரி வெடிக்கும். குப்பைத் தொட்டியும் வேண்டாம். பழைய செல்போன், பாட்டரி வாங்குகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.