கம்பிச் சக்கரத்தில் கோட்டம் எடுப்பது
பாலோ போன்ற ஜொகூர் தோட்டப்புறங்களில் ஓடும் ஹோண்டா ஈஎக்ஸ்5 மோட்டாரின் கம்பிச் சக்கரம் கோணினால், உடனே ரிம்மை மாற்ற வேண்டியதில்லை. ரிம்மை நடுவில் நிறுத்துவது கம்பிகளின் இழுவிசைதான்; ஒரு பக்கம் தளர்ந்தால் அது மறுபக்கம் சாயும். ஆகவே வலப்புறம் ஒதுங்கிய இடத்தில் இடப்பக்கக் கம்பிகளின் நிப்பிள்களைக் கால் சுற்று இறுக்கி, வலப்பக்கத்தை அதே அளவு தளர்த்தினால் நேராகும். ரிம்மின் மேடுபள்ளத்தை அதற்கு முன்பே சரிசெய்துவிட வேண்டும். சக்கரத்தை மாட்டிச் சுழற்றத் தனித் தாங்கி இல்லையே என்பார்கள். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஃபோர்க்கில் ஒரு குச்சியைக் கட்டிச் சக்கரத்தைச் சுழற்றினாலே ஆட்டம் தெரியும். அது 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் போதும். ஆபத்தில்லையா என்ற கேள்விதான் நியாயமானது: நிப்பிளுக்கு வெளியே நீளும் கம்பி முனை டியூபைக் குத்தும், அதை அராவிவிடுங்கள். விரிசல் விட்ட ரிம்மை மட்டும் மாற்றியே ஆக வேண்டும்.