வெயிலுக்கு எந்த 'சன்ஸ்கிரீன்' நல்லது? நம்பரை மட்டும் பார்த்து வாங்காதீங்க!

மாமல்லபுரம்:
அக்னி நட்சத்திரம் வந்து விட்டாலே செங்கல்பட்டு, மாமல்லபுரம் பகுதி மக்கள் படும் பாடு கொஞ்ச நஞ்சமல்ல. சிற்பக்கூட தொழிலாளர்கள், கடற்கரை கோவில் அருகே சங்கு, பாசிமணி விற்பவர்கள், மீனவர்கள் என உச்சி வெயிலில் நிற்பவர்கள் ஏராளம்.

"நாம கறுப்புதானே, நமக்கு எதுக்கு கிரீம்?" என்று கேட்பவர்கள் உண்டு. கறுப்பு நிறம் ஓரளவுதான் காப்பாற்றும். மங்கு, கரும்புள்ளி, சுருக்கம் வருவதை முழுசாக தடுக்காது.

நம்பர் ரகசியம்

டியூப்பில் உள்ள எஸ்.பி.எப். என்பது தோலை சிவக்க வைக்கும் 'யு.வி.பி.' கதிருக்கான அளவு. எஸ்.பி.எப். 15 சுமார் 93 சதவீதமும், 30 சுமார் 97 சதவீதமும், 50 சுமார் 98 சதவீதமும் தடுக்கும். 30-க்கு மேல் போனால் வித்தியாசம் கொஞ்சம்தான்.

'யு.வி.ஏ.' கதிர் கண்ணாடியையும் தாண்டி வரும். கிழக்கு கடற்கரை சாலையில் ஜன்னலை மூடிக்கொண்டு கார் ஓட்டினாலும் தப்ப முடியாது. எனவே 'பிராட் ஸ்பெக்ட்ரம்' அல்லது 'பி.ஏ.+++' என்று போட்டிருக்கிறதா என பார்ப்பது முக்கியம்.

பிசுபிசுப்பா?

"முகம் பிசுபிசுன்னு ஆகுது, வெள்ளையா தெரியுது" என்றுதான் பலர் பாதியில் விட்டு விடுகிறார்கள். எண்ணெய் வழியும் முகத்துக்கு ஜெல் வகை நல்லது. வறண்ட தோலுக்கு கிரீம். வியர்வையில் நிற்பவர்கள் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' வகையை வாங்கலாம். கண் எரிச்சல் இருந்தால் ஜிங்க் ஆக்சைடு கலந்தது ஒத்துக்கொள்ளும். அது வெள்ளையாக தெரிந்தால் தோல் நிறம் கலந்த வகை இருக்கிறது. மங்கு உள்ளவர்களுக்கும் அதுவே மேல்.

புதிதாக வாங்கினால் முதலில் காதுக்கு பின்னால் கொஞ்சம் தடவி, ஓரிரு நாள் பார்க்க வேண்டும். அரிப்பு, தடிப்பு வந்தால் அதை விட்டு விடுவதே நல்லது.

எவ்வளவு பூசணும்?

ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகம், கழுத்துக்கு சரியாக இருக்கும். வெளியே கிளம்ப 15 நிமிடம் முன்பே பூச வேண்டும். 2 மணி நேரத்துக்கு ஒருமுறையும், கடலில் குளித்து துடைத்த பிறகும் மறுபடி பூசணும். விலை உயர்ந்த கிரீமை பொட்டு போல வைப்பதை விட, விலை குறைந்ததை தாராளமாக பூசுவதே பலன் தரும்.

6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு கிரீம் வேண்டாம். நிழலும் பருத்தி துணியும் போதும். பெரியவர்களும் கிரீமை மட்டும் நம்பாமல் தொப்பி, துண்டு, முழுக்கை சட்டையை மறக்கக்கூடாது.