உங்களுக்குத் தெரியுமா? சாலையில் யாருக்குப் பொறுப்பு அதிகம்?

பிரிட்டனின் சாலை விதிக் கையேடான ‘ஹைவே கோட்’ முதன்முதலாக 1931-இல் வெளிவந்தது. விலை ஒரு பென்னி. 2022 ஜனவரி 29 முதல் அதில் ஒரு முக்கியமான விதி சேர்ந்தது: யாரால் அதிக ஆபத்து விளையுமோ, அவருக்கே அதிகப் பொறுப்பு. லாரிக்காரர் காரையும், கார்க்காரர் சைக்கிளையும், சைக்கிளில் போகிறவர் நடந்து போகிறவரையும் பார்த்துப் போக வேண்டும். நடப்பவருக்கும் கவனம் தேவைதான். அந்தக் கையேடு மேலும் சொல்பவை:

● நீங்கள் திரும்பப்போகும் சாலையைக் கடக்க ஒருவர் காத்து நின்றாலே, வண்டியை நிறுத்தி வழிவிட வேண்டும்.

● மணிக்கு 30 மைல் (சுமார் 48 கி.மீ.) வேகம்வரை, சைக்கிளை முந்தும்போது குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும். வேகம் கூடினால் இடைவெளியும் கூட வேண்டும்.

● கார் கதவை, அதற்கு எதிர்ப்பக்கக் கையால் திறக்க வேண்டும். வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர் இடக்கையை நீட்டினால் உடல் தானாகத் திரும்பும். தோளுக்குப் பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும்.

நம் ஊர்க் கார்களிலும் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம்தான். எதிர்ப்பக்கக் கையால் கதவைத் திறக்கும், காசு செலவில்லாத இந்தப் பழக்கம் ஓர் உயிரைக் காக்கலாம். இன்றே தொடங்குங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.